தோற்பதற்கென்று ஒருவன்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. வீட்டு கிராண்ட், எங்கள் மூவரின் பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் அதில்தான். கடைசிப் பிளாஸ்டிக் உறையில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. 2018இல் அப்பா வென்ற வழக்கு.

அடுக்களையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டித் தருகிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் 4,800 வெள்ளி முன்பணம் வாங்கினார். ஒரு லோரி மணல் கொட்டினார். அதோடு சரி. 5,000 வெள்ளிக்குள் இருந்தால் லாயர் வைக்காமல் நாமே போய் வழக்குப் போடலாம் என்று கோயிலில் யாரோ சொல்ல, அப்பா 198ஆம் படிவத்தை வாங்கிவந்து தன் மலாயில் தானே நிரப்பினார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்ததோடு என் பங்கு முடிந்தது.

விசாரணை நாளன்று நானும் கூடப் போயிருந்தேன். ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்த்துக் காண்ட்ராக்டரின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடத்தில் தீர்ப்பு. வரும் வழியில் அப்பா உளுந்து வடை வாங்கினார். "ஜெயிச்சிட்டோம்யா" என்றார். அவர் ஒரு விஷயத்தில் ஜெயித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பணம் வரவில்லை. ஜப்தி செய்யலாம் என்றார்கள். ஆனால் எதை ஜப்தி செய்வது என்று நாம்தான் காட்ட வேண்டும். லோரி அவருடைய தம்பி பெயரில். வீடு வாடகை. ஜப்திக்கு ஆள் அனுப்ப முன்பணம் கட்ட வேண்டும் என்றதும் அப்பா, "காசு போட்டுக் காசு தேடறதா?" என்று கோப்பை மூடிவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், பிறையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு கம்ப்ரெசர் வெடித்துக் காப்புறுதிக்கு எழுத வேண்டியிருந்தது. அந்தக் காகிதங்களில் 'ரெக்கவரி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் தொழிலில் ரெக்கவரி என்றால் நின்றுபோன இயந்திரம் மறுபடி ஓடுவது. சட்டத்தில் என்ன பொருள் என்று அகராதியைப் புரட்டினேன். ஒருவருக்குரிய உரிமையையோ பொருளையோ நீதிமன்றம் தீர்ப்பின் மூலம் அவருக்கு ஆக்கித் தருவது என்ற பொருளில் விளக்கம் இருந்தது. பணம் கைக்கு வருவது வேறு கட்டம், அதற்கு வேறு பெயர்கள். அப்படியானால் என் அப்பா 2018ஆம் ஆண்டு காலை பதினோரு மணிக்கே 4,800 வெள்ளியை மீட்டுவிட்டார்! வடை வாங்கியது சரிதான்.

இந்தச் சொல்லின் பின்னால் போனபோதுதான் ஜேக்கப் மோர்லண்டைச் சந்தித்தேன்.

*

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. கடனுக்கு வசூல். நகைக்கு, நிலத்துக்கு, மாட்டுக்கு மீட்பு. அடகுக்கடையில் நகையை 'மீட்டுக்கிட்டு வந்தேன்' என்று சொல்லும்போது நகை கையில் இருக்கிறது. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பதைக் கரந்தை என்று இலக்கணம் வகுத்தவர்களும் மாடு தொழுவத்துக்குத் திரும்புவதைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். மீட்கப்போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். மாடு வராமல் மீட்பு என்று ஒன்று நம் வழக்கில் இல்லை.

ஆங்கிலச் சட்டத்திலும் தொடக்கம் இப்படித்தான். 1166ஐ ஒட்டி இரண்டாம் ஹென்றி அரசர் ஒரு வழக்குமுறையைக் கொண்டுவந்தார். அண்மையில் தன் நிலத்திலிருந்து விரட்டப்பட்டவன் அரச நீதிமன்றத்துக்கு வரலாம். அக்கம்பக்கத்தவர் பன்னிரண்டு பேர் நேரே போய் நிலத்தைப் பார்ப்பார்கள். அவர்களிடம் கேட்கப்படுவது: இவன் அந்த நிலத்தில் இருந்தானா? அவன் தீர்ப்பு இல்லாமல் இவனை வெளியேற்றினானா? உண்மையில் நிலம் யாருக்குச் சொந்தம் என்பது அங்கே பேச்சே இல்லை. இரண்டுக்கும் ஆம் என்றால் அரசரின் அதிகாரி வந்து இவனைத் திரும்ப அந்த மண்ணில் நிறுத்துவார்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்தால் இதே முகஜாடை தெரியும். முறைப்படியான சட்ட நடவடிக்கை இல்லாமல், தன் சம்மதமும் இல்லாமல் அசையாச் சொத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் வழக்குப் போட்டு அதைத் திரும்பப் பெறலாம். எதிராளி தனக்குத்தான் பட்டா என்று காட்டினாலும் இந்த வழக்கில் அது செல்லாது. 1877ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழியாக இங்கே வந்தது. எண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு யோசனை, இன்னும் மண் ஒட்டிய காலோடு நிற்கிறது.

ஆனால் ரெக்கவரி என்ற சொல்லுக்குள் ஒரு ஓட்டை இருந்தது. முதலில் கண்டுபிடித்தவர்கள் துறவிகள்.

1279இல் முதலாம் எட்வர்ட், மடாலயங்களுக்கு நிலம் போவதைத் தடைசெய்தார். மடம் சாகாது, அதற்கு வாரிசும் கிடையாது. ஆகவே ஒருமுறை அதன் கைக்குப் போன நிலத்திலிருந்து அரசருக்கும் பிரபுக்களுக்கும் வரவேண்டிய வாரிசு வரிகள் அத்தோடு நின்றுபோகும். தானமாகவும் வாங்கக்கூடாது, விலைக்கும் வாங்கக்கூடாது. சரி, வாங்கவில்லை. தானம் கொடுக்க விரும்பியவர் மீது மடம் வழக்குப் போட்டது: "இந்த நிலம் ஆதியில் எங்களுடையது." தானக்காரர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தீர்ப்பு: மடம் தன் நிலத்தை மீட்டுக்கொள்ளட்டும். இதில் தானமும் இல்லை, விற்பனையும் இல்லை. இருந்ததுதான் திரும்பி வருகிறது.

மீட்பு என்ற சொல்லில் 'மீள்' இருக்கிறதே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. முன்பு உன்னிடம் இருந்ததை மட்டுமே நீ மீட்க முடியும். நீ மீட்டாய் என்று தீர்ப்பு வந்துவிட்டால், முன்பு உன்னிடம் இருந்தது என்பதும் உண்மையாகிவிடுகிறது. தீர்ப்பு பின்னோக்கிப் போய் ஒரு கடந்தகாலத்தைச் செய்து வைத்துவிட்டு வருகிறது. இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1285இல் எட்வர்ட் இந்த வழியை அடைத்தார். எதிராளி வராவிட்டாலும் மடத்துக்கு உண்மையில் உரிமை உண்டா என்று நடுவர்கள் விசாரிக்க வேண்டும் என்று இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் 32ஆம் அத்தியாயம் சொன்னது. அதே சட்டத்தின் முதல் அத்தியாயம்தான், இதே தந்திரம் பின்னால் பன்மடங்காகத் திரும்பி வரவும் காரணமானது.

*

ஒரு தகப்பன் தன் மகனுக்கு நிலம் கொடுக்கும்போது, "உனக்கும் உன் உடலில் பிறக்கும் வாரிசுகளுக்கும்" என்று எழுதிக் கொடுக்கிறான். அவன் எண்ணம், நிலம் வம்சத்தில் இருக்க வேண்டும், வம்சம் அற்றுப்போனால் கொடுத்தவன் பக்கம் திரும்ப வேண்டும் என்பது. நீதிபதிகள் அதை அப்படிப் படிக்கவில்லை. மகனுக்கு ஒரு குழந்தை பிறந்ததுமே நிபந்தனை நிறைவேறிவிட்டது, இனி அவன் விற்கலாம் என்றார்கள். பெரிய நிலக்காரர்கள் கொதித்தார்கள். 1285ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அத்தியாயம் அவர்களுக்காக வந்தது. கொடுத்தவனின் விருப்பமே நிற்கும். கையிலிருப்பவன் வாழ்நாள் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. விற்றாலும் அவன் செத்ததும் மகன் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் இதை 'என்டெயில்' என்பார்கள். இந்தக் கட்டுரைக்காக 'வழிக்கட்டு' என்று வைத்துக்கொள்கிறேன்.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் வீடுகளிலும் 'பூர்வீகச் சொத்து, விக்கப்படாது' என்று சொன்ன தாத்தாக்கள் உண்டு. ஆனால் செத்தவர்களின் விருப்பம் மண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வழிக்கட்டு நிலத்தில் குத்தகைக்கு உழுதவன், நிலக்காரன் இறந்த மறுநாள் வெளியே நின்றான், ஏனென்றால் அந்தக் குத்தகை புதிய வாரிசைக் கட்டுப்படுத்தாது. நிலத்தை நம்பிக் கடன் கொடுத்தவனுக்கும் அதே கதி. விலைக்கு வாங்கியவனிடம் மூன்று தலைமுறை கழித்து ஒருவன் பழைய பத்திரத்தோடு வந்து நிற்பான். ராஜத்துரோகம் செய்தவனின் நிலத்தைக்கூட அவன் ஆயுளுக்கு மேல் அரசர் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எப்படியும் சொத்து வரும் என்று தெரிந்ததால் பிள்ளைகள் அப்பன் பேச்சைக் கேட்பதில்லை என்பதையும் பிற்காலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இந்தக் கெடுதல்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார். சட்டப் புத்தகத்தில் ஒரு அப்பாவின் புலம்பல்.

சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் தயாராக இல்லை. அதில் உட்கார்ந்திருந்தவர்களே நிலக்காரர்கள். அப்போது வழக்கறிஞர்கள் பழைய நாடகத்தைத் தூசுதட்டி எடுத்தார்கள்.

1472இல் வந்த டால்டாரம் வழக்கைத்தான் எல்லாரும் மைல்கல்லாகக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட நிலத்தின் உரிமைவகை வேறாக இருந்ததால் தோற்றது. ஆனால் நீதிபதிகள் பேசியதிலிருந்து, சரியாகச் செய்தால் பலிக்கும் என்று வழக்கறிஞர்கள் புரிந்துகொண்டார்கள். தோற்றுப்போன ஒரு வழக்கிலிருந்து அவர்கள் எடுத்த வழிக்குக் 'காமன் ரெக்கவரி' என்று பெயர் வந்தது. பொது மீட்பு.

*

நாடகத்தைப் பிளாக்ஸ்டோன் 1766இல் வந்த தன் இரண்டாம் தொகுதியில் மாதிரிப் பெயர்களோடு விளக்குகிறார். அவர் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

டேவிட் எட்வர்ட்ஸ் கையில் வழிக்கட்டு நிலம். அவருக்கு விற்க வேண்டும். பிரான்சிஸ் கோல்டிங் வாங்க வேண்டும். இருவரும் விலை பேசி முடித்துவிட்டார்கள். அதன்பின் கோல்டிங், எட்வர்ட்ஸ் மீது வழக்குப் போடுகிறார்: இந்த நிலம் என்னுடையது, எட்வர்ட்ஸுக்கு இதில் உரிமையே இல்லை, ஹியூ ஹன்ட் என்பவன் என்னை அநியாயமாக வெளியேற்றியதால்தான் இது கைமாறியது. ஹியூ ஹன்ட் என்று யாரும் கிடையாது. காகிதத்தில் மட்டும் வாழ்ந்து ஊர் நிலத்தையெல்லாம் பறித்த கற்பனைத் திருடன்.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நீதிமன்றம் கூடுகிறது. எட்வர்ட்ஸ் வருகிறார். வழக்கை மறுத்துப் பேச வேண்டியவர், "எனக்கு ஒன்றும் தெரியாது, இந்த நிலத்துக்கு உத்தரவாதம் தந்தவர் ஜேக்கப் மோர்லண்ட், அவரைக் கேளுங்கள்" என்கிறார். நிலத்துக்கு உத்தரவாதம் தந்தவன் வந்து அதைக் காக்க வேண்டும், முடியாவிட்டால் அதே மதிப்புள்ள வேறு நிலம் தர வேண்டும் என்பது பழைய, நியாயமான விதி. மோர்லண்ட் முன்வருகிறார். ஆமாம், உத்தரவாதம் நான்தான் என்கிறார். கோல்டிங் உடனே, இவரோடு வெளியே போய்த் தனியாகக் கொஞ்சம் பேச அனுமதி வேண்டும் என்று கேட்கிறார். அனுமதி கிடைக்கிறது. இருவரும் வெளியே போகிறார்கள்.

கோல்டிங் மட்டும் திரும்பி வருகிறார்.

மோர்லண்டின் பெயர் கூப்பிடப்படுகிறது. வரவில்லை. நீதிமன்றத்தை அவமதித்துவிட்டுப் போய்விட்டார் என்று பதிவாகிறது. தீர்ப்பு இரண்டு பகுதி. ஒன்று, கோல்டிங் எட்வர்ட்ஸிடமிருந்து நிலத்தை மீட்டுக்கொள்ளட்டும். இரண்டு, எட்வர்ட்ஸ் மோர்லண்டிடமிருந்து அதே மதிப்புள்ள நிலத்தை மீட்டுக்கொள்ளட்டும்.

இந்த மோர்லண்ட் யார்? நீதிமன்றத்தில் பெயர் கூவிக் கூப்பிடுகிற சேவகர். உத்தரவாதியாக நிற்க எப்போதும் அவரையே பிடித்ததால் அவருக்கு 'பொது உத்தரவாதி' என்றே பெயர். அவர் பெயரில் ஒரு முழ நிலம் கிடையாது. அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு தவணையிலும் வெளியே போனார், திரும்பி வராமல் இருந்தார், அவமதிப்புக்காரர் ஆனார், இங்கிலாந்தின் பண்ணைகளுக்கும் மாளிகைகளுக்கும் ஈடான நிலத்தைத் தரும்படி தீர்ப்பு வாங்கினார், அடுத்த வழக்குக்கு அதே மண்டபத்தில் பெயர் கூப்பிட்டார்.

எட்வர்ட்ஸுக்கு வருத்தமில்லை. பணம் வாங்கியாயிற்று. இந்த இரண்டாவது தீர்ப்பு அவருக்காக எழுதப்பட்டதும் இல்லை, அவருடைய மகனுக்காக எழுதப்பட்டது. நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து, "என் தாத்தா எனக்கென்று கட்டி வைத்த நிலம் எங்கே?" என்று கேட்டால் பதில் தயார்: நீ ஒன்றும் இழக்கவில்லை தம்பி, அதே மதிப்புள்ள நிலம் உன் குடும்பத்துக்குத் தீர்ப்பாகியிருக்கிறது, அது உனக்குத்தான் வரும், மோர்லண்டிடம் போய் வாங்கிக்கொள்.

சட்டத்தின் கணக்கில் எல்லாம் நேர். ஒரு நிலம் போனது, ஒரு நிலம் வந்தது.

*

தொழிற்சாலையில் எங்களுக்கு 'பைபாஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு வால்வு கெட்டுவிட்டால், ஆலையை நிறுத்தாமல், பக்கத்தில் தற்காலிகக் குழாய் போட்டு நீராவியைச் சுற்றி அனுப்புவோம். அதற்கு அனுமதிச் சீட்டு உண்டு, அதில் முடியும் தேதி உண்டு. தேதியைத் தாண்டி ஓடும் பைபாஸைப் பார்த்தால் என் மேலாளர் கத்துவார். இங்கிலாந்து இந்தப் பைபாஸை 1472இலிருந்து பார்த்தால் 361 வருடம் ஓட்டியது. கெட்டுப்போன வால்வு எது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் தொடவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு இது வெறும் மோசடியாகத்தான் பட்டது. இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. இதனால்தான் நிலம் செத்தவர்களின் பிடியிலிருந்து வெளியே வந்தது. கடன் கொடுத்தவனும் விலைக்கு வாங்கியவனும் நிம்மதியாகத் தூங்கினார்கள். நீதிபதிகள் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. இந்த நாடகத்தில் ஈடுபட்டால் நிலம் பறிபோகும் என்று முன்யோசனையுள்ள தாத்தாக்கள் பத்திரத்தில் நிபந்தனை எழுதிப் பார்த்தார்கள். 1613இல் மேரி போர்டிங்டன் வழக்கில் அந்த நிபந்தனையும் செல்லாது என்று தீர்ப்பானது. பொய்யை ஆட உனக்கு உரிமை உண்டு, அதைத் தடுக்க உன் தாத்தாவுக்கு உரிமை இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. பறித்ததைக்கூட விட்டுவிடலாம். பறித்தபின், உனக்கு ஈடு கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதினார்களே, அதுதான். 'இந்த வழிக்கட்டு நாட்டுக்கு நல்லதல்ல, ஆகவே உன் உரிமையை ரத்து செய்கிறோம்' என்று நேராகச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கோபப்படவாவது ஒரு இடம் இருந்திருக்கும். தன்னிடமிருந்து ஒன்று எடுக்கப்பட்டது என்பதையாவது அவன் சொல்லிக்கொண்டிருக்கலாம். மோர்லண்ட் மீதான தீர்ப்பு அந்த இழப்பையே இல்லை என்று ஆக்கிவிட்டது. நிலத்தோடு சேர்த்து முறையீடும் போயிற்று.

இதெல்லாம் வழக்கறிஞர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைக்கவேண்டாம். 'ஹாம்லெட்'டின் ஐந்தாம் அங்கத்தில் சுடுகாட்டுக் காட்சி எல்லாருக்கும் தெரியும். ஹாம்லெட் ஒரு மண்டையோட்டைப் பார்த்து, இது ஒரு வழக்கறிஞனுடையதாக இருக்கலாமே என்று ஆரம்பித்து, நிலம் வாங்கிக் குவித்தவனுடைய மீட்புகள், இரட்டை உத்தரவாதங்கள் எல்லாம் இப்போது எங்கே என்று சொல் விளையாட்டு ஆடுவான். (பத்திரத்துக்குப் பெரிய இடங்களில் இரண்டு அடுக்கு உத்தரவாதி வைப்பார்கள், அதுதான் இரட்டை.) 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தில் வழுக்கைத் தலைக்காரன் முடியை ரெக்கவரி வழக்குப் போட்டு மீட்க முடியுமா என்று ஒரு கிண்டல் வருகிறது. இவற்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் படித்தபோது அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். லண்டன் தரை டிக்கெட்காரர்கள் அடிக்குறிப்பு இல்லாமல் சிரித்திருக்கிறார்கள்.

ஜேன் ஆஸ்டின் வாசகர்களுக்கு இன்னொன்று. 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பென்னட் குடும்பத்துக்கு ஐந்தும் பெண்கள். வீடும் நிலமும் வழிக்கட்டால் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போகும். திருமதி பென்னட்டின் அலறல்களை வாசித்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். திருவாளர் பென்னட் ஏன் பணம் சேர்த்துவைக்கவில்லை என்பதற்கு நாவலின் பின்பகுதியில் ஒரு காரணம் வருகிறது. மகன் பிறப்பான், அவனுக்கு வயது வந்ததும் தன்னோடு சேர்ந்து கட்டை அறுத்துவிடுவான், மனைவிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வழி செய்துவிடலாம் என்று நம்பியிருந்தார். அந்த அறுப்பு என்பது அக்காலத்தில் இதே நாடகம்தான். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பெரிய குடும்பங்கள் அப்பனுக்கு ஆயுள் உரிமை, மகனுக்கு வழிக்கட்டு என்று பிரித்து எழுதின. தந்தையும் மகனும் சேர்ந்து வந்தால்தான் மோர்லண்டைக் கூப்பிட முடியும். மகனுக்கு இருபத்தொன்று ஆனதும் அப்பன் ஒரு மாதப்படியை நீட்டுவான், மகன் கையெழுத்துப் போடுவான், நிலத்தை மறுபடி அடுத்த தலைமுறைக்குக் கட்டிவைப்பார்கள். பென்னட்டுக்கு மகன் பிறக்கவில்லை. ஐந்து பெண்களும் அம்மாவும் நடுங்கிக்கொண்டிருந்தது, ஒரு பொய் வழக்குப் போட ஆண்பிள்ளை இல்லாததால்.

நடைமுறையில் தொல்லைகளும் குறைவில்லை. நீதிமன்றத் தவணைக் காலத்தில்தான் இதைச் செய்ய முடியும். தவணை தொடங்குவதற்குள் ஆள் இறந்துபோனால் அவ்வளவுதான். ஒரு சடங்கு பிசகினாலும் பல வருடம் கழித்து எல்லாம் ஆட்டம் காணும். இந்தச் சடங்குகளைப் பற்றியே கனமான நூல்கள் எழுதப்பட்டன. பிளாக்ஸ்டோனுக்கே இதில் கூச்சம் இருந்தது. எளிய வழிகளை யோசித்துச் சொல்லியிருக்கிறார். 1828இல் நிலச் சட்டங்களை ஆராய ஒரு ஆணையம் அமைந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம், டிசம்பர் 31க்குப் பிறகு இந்த மீட்பு கிடையாது என்று முடித்துவைத்தது. அதன்பின் கட்டை அறுக்க ஒரு பத்திரம் எழுதி ஆறு மாதத்துக்குள் பதிவு செய்தால் போதும். ஹியூ ஹன்ட், மோர்லண்ட், வெளியே போய்ப் பேசுவது, எதுவும் வேண்டாம்.

1826ஆம் ஆண்டு அரச சாசனம் ஆங்கிலச் சட்டத்தைப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்குக் கொண்டுவந்திருந்தது. அப்போது நாடகம் அங்கே உயிரோடுதான் இருந்தது. கல்கத்தாவிலிருந்த இந்தியச் சட்டமன்றம் 1854இல் தன் 31ஆம் சட்டத்தால், ஆங்கிலச் சட்டம் பொருந்தும் இடங்களில் காமன் ரெக்கவரியை ஒழித்தது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை கல்கத்தாவின் ஆட்சியில்தான் இருந்தன. பினாங்கில் எந்தச் செட்டியாராவது, எந்தச் சீனத் தவுக்கேயாவது இந்த நாடகத்தில் நின்றிருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். கற்பனைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் யாராவது வழிக்கட்டு எழுதியிருக்க வேண்டும்.

*

போன மாதம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கோல்டிங், எட்வர்ட்ஸ் எல்லாம் அவருக்கு ஒட்டவில்லை. மோர்லண்ட் வந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"அவன் வெளிய போயிட்டு வரவே மாட்டானா?"

"வரமாட்டார்ப்பா. அதுதான் அவர் வேலை."

"அவன்கிட்ட நெலம் இல்லைன்னு ஜட்ஜுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் நீலக் கோப்பை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து தீர்ப்பை உருவி மேசையில் வைத்தார். ஓரத்தில் கரையான் தொட்டிருந்தது. நான் படித்துவைத்திருந்ததைச் சொன்னேன்: தீர்ப்பு கிடைத்து ஆறு வருடம் தாண்டிவிட்டதால் இனி ஜப்திக்குப் போக நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பன்னிரண்டு வருடம் ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்து வழக்கும் போட முடியாது. வட்டியும் ஆறு வருட பாக்கிக்கு மேல் கிடையாது.

"2030 வரைக்கும் இருக்குல்ல?"

"இருக்கு."

"அந்த லோரிய நேத்து மார்க்கெட்டுல பார்த்தேன்யா. புதுப் பெயிண்ட்டு அடிச்சிருக்கான்" என்றார். என் கைப்பேசியைக் காட்டி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று இதில் பார்க்க முடியுமா என்று கேட்டார். அங்கேயே போய்க் கேட்க வேண்டியிருக்கும் என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டோல் ரசீதை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் லோரியின் எண்ணைக் குறித்து வைத்திருந்தார்.